செகண்ட் எப்போ போடணும்

எங்கண்ணன் செத்து ஏழு மாசம் ஆவுது. அவன்கிட்ட சொல்லாம வுட்ட விஷயம் எங்கிட்ட ஒண்ணு கீது. ஒரு ஸ்விட்ச். சுண்டு வெரல் நகத்துல பாதிதான் இருக்கும். அதை மூணுலேந்து ரெண்டுக்குத் தள்ளி வுட்டேன். அவ்ளோதான் நான் பண்ணது.

நான் முடிச்சூர்ல வூடு வூடா தண்ணி கேன் போட்ற லோடு வண்டி ஓட்றேன். பத்தாவதுல கணக்குல ஃபெயிலு. அப்புறம் நான் ஸ்கூல் பக்கம் போவல, ஸ்கூலும் என்னைத் தேடல. எங்கண்ணன் என்னை வுட நாலு வயசு பெரியவன். அவனும் அவனோட தோஸ்து ஒருத்தரும் இரும்புலியூர்ல ஷெட்டு போட்டு கார் ரிப்பேர் பண்ணிகினு இருந்தாங்க. அந்தத் தோஸ்தை எங்கண்ணன் மச்சான்னு கூப்புடுவான். இங்க நானும் மச்சான்னே எழுதிட்றேன். நேர்ல அண்ணான்னுதான் கூப்புடுவேன். மச்சான்னு கூப்ட்டா எங்கம்மா வெளக்கமாத்தை எடுத்துரும்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய காரை ரேஸ் வண்டி ஆக்குனாங்க. மூணு சிலிண்டரு, எண்ணூறு சிசி. அஸ்தினாபுரத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சர் வூட்டு காம்பவுண்டுல தார்ப்பாய் போத்திகினு நின்ன வண்டி அது. வெள்ளத்துல முங்குனது. சீட்டைக் கழட்டுனப்ப அடியில நத்தை ஓடு கெடந்துச்சு. எங்கண்ணன் அதையும் எடுத்து டேஷ்போர்டு மேல வச்சான்.

அவங்க ஓட்றது டிராக் ரேஸு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்குற ட்ராக்குல வருஷத்துக்கு ரெண்டு மூணு வாட்டி நடக்கும். ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும். பச்சை லைட்டு வந்தா நேரா ஓடணும். நானூறு மீட்டர். வளைவு கெடையாது, ஓவர்டேக் கெடையாது, அவங்கவங்க லைன்ல அவங்கவங்க போவணும். அப்ப டிரைவருக்கு இன்னா வேலைன்னு கேட்டா, கியர் மாத்தறதுதான் வேலை. ஃபர்ஸ்ட்லேந்து செகண்ட், செகண்ட்லேந்து தேர்டு, சில வண்டிக்குக் கடைசியில டாப்பு. மொத்தமே மூணு வாட்டி கை அசையும்.

அந்த மூணு வாட்டிக்கு எங்கண்ணன் ஒரு வருஷம் பேசுனான். செகண்ட் எப்போ போடணும். சோறு துன்னும்போது அதான். சர்ச்சுல பாஸ்டர் ஜெபம் பண்ணிகினு இருப்பாரு, இவன் கண்ணை மூடிகினு இடது கையால மேல, கீழ, மேலன்னு கியர் போட்டுகினு இருப்பான். பக்கத்துல ஒக்காந்த ஆன்ட்டி, புள்ளைக்கு நல்லா அபிஷேகம் எறங்குதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிச்சு.

அவன் சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதான். கியரை சீக்கிரம் மாத்துனா வண்டி பள்ளத்துல வுழுந்த மாரி தொங்கிப் போவும். திரும்ப எழுந்து வர்றதுக்குள்ள பக்கத்து வண்டி போய்ச் சேந்துடும். லேட்டா மாத்துனா சத்தம் ஜாஸ்தியா வரும், இழுப்பு வராது. நடுவுல ஒரு எடம் கீது. இப்ப போட்டிருக்குற கியரோட இழுப்பு கொறைஞ்சு கொறைஞ்சு, அடுத்த கியர் குடுக்கப்போற இழுப்புக்குச் சமமா வர்ற எடம். அங்க மாத்தணும். ஒவ்வொரு கியருக்கும் அந்த எடம் வேற வேற.

"உனக்கு இதெல்லாம் புரியாது, கேனு" அப்டின்னுவான். எனக்கு அவன் வச்ச பேரு அது. "நீ தண்ணி சலசலன்னா கியர் மாத்துற ஆளு."

"நீ மாத்தறதுக்குள்ள நான் ரெண்டு தெருவுக்குத் தண்ணி போட்டுட்டு வந்துருவேன்" அப்டின்னு நானும் சொல்வேன்.

ஆனா வண்டியை மட்டும் தொட வுட மாட்டான். கழுவலாம். டார்ச் புடிக்கலாம். ஓட்டக்கூடாது.

புதுப்பேட்டையில ஒரு ஆர்பிஎம் மீட்டர் வாங்கினு வந்தான். இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு முள்ளு காட்டும். அதை மாட்டும்போது டார்ச் புடிச்சது நான்தான். மீட்டருக்குப் பின்னாடி அந்த ஸ்விட்ச் இருந்துச்சு. ரெண்டு, மூணு, நாலுன்னு போட்டிருந்துச்சு. வண்டியில எத்தனை சிலிண்டரோ அதுல வைக்கணும். மூணுல வச்சான்.

"ரெண்டுல வச்சா இன்னா ஆவும்?" அப்டின்னு கேட்டேன்.

"முள்ளு பொய் சொல்லும். நாலாயிரம் சுத்துனா ஆறாயிரம்னு காட்டும்."

யோசிச்சுப் பாருங்க. அவன் வாயாலயே சொன்னான்.

மீட்டர் மாட்டுன மறுநாள் என்னோட நெயில் பாலிஷை எடுத்து, அதுவும் செவப்பு, கிறிஸ்மஸுக்கு வாங்குனது, மீட்டர் கண்ணாடி மேல ஆறாயிரத்துல ஒரு கோடு இழுத்தான். முள்ளு கோட்டைத் தொட்டா கியர் மாத்தணுமாம். மூடியை மூடாம வச்சுட்டான். பாலிஷ் காஞ்சு கல்லா போச்சு. கேட்டதுக்கு, "உன் நகத்துல போட்டா மட்டும் இன்னா ரேஸா ஜெயிக்கப் போவுது" அப்டின்றான்.

அன்னிக்கு மத்தியானம் அவன் சாப்ட்டுத் தூங்குனப்ப போய் ஸ்விட்சை ரெண்டுக்குத் தள்ளிட்டேன். ஒரு நாள் ஆட்டம் காட்டிட்டு சொல்லிடலாம்னுதான். சத்தியமா.

சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் பண்ணான். சும்மா நிக்கும்போது முள்ளு ஆயிரத்தி முந்நூறைத் தாண்டி நின்னுச்சு. "ஐடில் ஏறிகினு கீதே" அப்டின்னு கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி எறக்குனான். முள்ளு சரியா வந்துச்சு, வண்டி ஆஃப் ஆயிடுச்சு. திரும்ப ஸ்டார்ட்டு, திரும்ப ஆஃப். இரும்புலியூர் சிக்னல்ல நடுவுல நின்னு போயி, பஸ்காரன் எறங்கி வந்து தள்ளி வுட்டான். நான் பின்னாடி லோடு வண்டியில ஒக்காந்துகினு வாயில துப்பட்டாவை வச்சு அடைச்சிகினு இருந்தேன்.

அவ்ளோ காமெடியா ஒண்ணு நடக்கும்போது அதை எப்டி நிறுத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க. நாளைக்குச் சொல்லலாம்னேன். நாளைக்கும் காமெடியாத்தான் இருந்துச்சு.

அதே வாரம் புதுசா ஒரு சைலன்சர் வேற போட்டிருந்தான். சத்தமே புதுசு. அதனால காதுக்கும் ஒண்ணும் தெரியல. பின்னாடி ஸ்விட்சைப் பாக்கணும்னும் அவனுக்குத் தோணல. அவன் கையால வச்சதாச்சே. ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படுவான், அவன் கையை மட்டும் சந்தேகப்பட மாட்டான்.

அந்த ஞாயித்துக்கெழமை ரேஸு. எதிர்ல வந்தது ஒரு அங்கிள். அவர் வண்டி பின் கண்ணாடியில, குழந்தை உள்ள கீது மெதுவா வாங்கன்னு ஒட்டுன ஸ்டிக்கரைக் கூட எடுக்கல. பச்சை லைட்டு வந்துச்சு. எங்கண்ணன் கோட்டைப் பாத்துப் பாத்து அழகா கியர் மாத்துனான். ஆறாயிரம்னு நெனச்சுகினு நாலாயிரத்துல மாத்துனான். வண்டி ஒவ்வொரு கியருக்கும் கொட்டாவி வுட்டுச்சு. அங்கிள் முன்னாடியே போய் எறங்கி நின்னு தண்ணி குடிச்சுகினு இருந்தாரு.

வர்ற வழியெல்லாம் அவன் மீட்டர் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்துகினு வந்தான். அன்னிக்கு சொல்லியிருக்கணும். ஆனா அன்னிக்கு அது காமெடியா இல்ல, அதனால பயம் வந்துடுச்சு. மறுநாளிலேந்து இன்ஜினைப் பிரிக்க ஆரம்பிச்சான். ப்ளக்கு மாத்துனான், வால்வு மாத்துனான், கிளட்சு மாத்துனான். ஒவ்வொண்ணு மாத்தும்போதும் சொல்றது இன்னும் கஷ்டமாயிகினே வந்துச்சு.

அப்புறம் அவனுக்கு மஞ்சக் காமாலை வந்துச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாப் போயி ஆஸ்பத்திரியில படுத்திருந்தான். ஒரு நாள் நான் மட்டும் பக்கத்துல இருந்தேன்.

"ஏன்டி அது இழுக்கல?" அப்டின்னான். எதுன்னு கேக்க வேண்டியதே இல்ல.

"வூட்டுக்கு வா, சொல்றேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போடி கேனு" அப்டின்னு சிரிச்சான்.

அது செவ்வாக்கெழமை. வியாழக்கெழமை போயிட்டான்.

ஆறு மாசம் வண்டி ஷெட்டுல அப்டியே நின்னுச்சு. ஒரு நாள் தண்ணி கேன் போடப் போன எடத்துக்கே மச்சான் வந்து நின்னாரு. அடுத்த ரேஸுக்கு வண்டி பேர் குடுத்துட்டேன், நீதான் ஓட்டணும்னாரு.

"நீங்க ஓட்டலாம்ல அண்ணா?"

"நான் நூத்திப் பத்து கிலோம்மா. நான் ஒக்காந்தா வண்டி ஒரு பக்கம் சாயுது. நீ நாப்பத்தஞ்சு. அவனை வுட நீ வேகமா போலாம்."

முடிச்சூருக்கு அந்தாண்ட மனை போட்டு இன்னும் விக்காம கெடக்குற லேஅவுட் ஒண்ணு கீது. மஞ்சக் கல்லு, தார் ரோடு, வூடு மட்டும் இல்ல. காலையில அங்க போனோம். மச்சான் நானூறு மீட்டர் அளந்து, அந்தக் கடைசியில செல்லுல டைம் பாக்க நின்னாரு. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. "அவன் போட்ட கோடும்மா. கோட்டைத் தொட்டாத்தான் கியரு. அதுல கை வைக்காத."

முதல் ஓட்டம் இருபத்தஞ்சு செகண்டு. மச்சான் மொகம் தொங்கிப் போச்சு. அந்த நேரம் பாத்து நாலு மாடு ரோட்டுல வந்து படுத்துச்சு. அதைத் தொரத்த அவர் ஓடுனாரு. நான் மீட்டருக்குப் பின்னாடி கையை வுட்டு ஸ்விட்சைத் திரும்ப மூணுல வச்சேன்.

ரெண்டாவது ஓட்டம். ஃபர்ஸ்ட்ல மிதிச்சேன். முள்ளு மெதுவாத்தான் ஏறுச்சு, ஆனா இன்ஜின் கத்துச்சு பாருங்க, அப்டி ஒரு சத்தம். அந்த சைலன்சரை இந்த சத்தத்துக்காகத்தான் தேடித் தேடி வாங்குனான். வாங்கி மாட்டி, நாலாயிரத்துக்கு மேல போவாமயே போயிட்டான். அவன் இந்த சத்தத்தைக் கேக்கவே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்து கோடு மறைஞ்சு போச்சு. ஆனா கால் மட்டும் எடுக்கல.

இருபத்திரண்டரை. மச்சான் செல்லைத் தூக்கிகினு ஓடி வந்தாரு. நூத்திப் பத்து கிலோ அப்டி ஓடி நான் பாத்ததில்ல.

"உங்கண்ணன் வண்டியில வந்து ஒக்காந்துட்டான்ம்மா. அவன் கோடு சரிதான். நாமதான் நம்பல" அப்டின்னு அழுவுறாரு.

தப்பிச்சுட்டேன்னு வச்சுக்கங்களேன். யாருக்கும் எதுவும் தெரியாம முடிஞ்சு போச்சு. ஆனா வண்டி எனக்கு ஒண்ணு சொல்லிச்சு. ஆறாயிரம் ஜாஸ்தி. ஐயாயிரத்து ஐநூறுலயே இழுப்பு செத்துப் போவுது, அதுக்கு மேல வெறும் கூச்சல்தான். மச்சான்கிட்ட சொல்லாமயே அடுத்த ஓட்டத்துல ஐயாயிரத்து ஐநூறுல மாத்திப் பாத்தேன். இருபத்திரண்டு. தேர்டுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி மாத்துனா இன்னும் கொறையும்னு தோணுச்சு. அதை அவர்கிட்ட லேசா சொன்னேன்.

"அவனை வுட உனக்குத் தெரியுமா?" அப்டின்னு கேட்டுட்டாரு. முடிஞ்சுது.

அடுத்த நாளே ஷெட்டு முழுக்க சேதி பரவிடுச்சு. மீட்டருக்கு மல்லிப்பூ சுத்துனாரு. பின் கண்ணாடியில ஆறாயிரம்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டுனாரு. எங்கம்மாகிட்டயும் போய் சொல்லிட்டாரு. ரேஸுன்னாலே திட்ற பொம்பளை, அந்த ஞாயித்துக்கெழமை சர்ச்சை வுட்டுட்டு ரேஸ் பாக்க வர்றேன்னு கெளம்பிடுச்சு.

காலையில கெளம்பும்போதே சண்டை. மச்சான் முன் வீல்ல எலுமிச்சம்பழம் வச்சாரு. எங்கம்மா, அதெல்லாம் வேணாம்ப்பா, நான் ஜெபம் பண்ணிக்கறேன்னு சொல்லி, ஜெப எண்ணெயை எடுத்து ஸ்டியரிங்ல ஒரு சொட்டு, கியர் குமிழ்ல நாலு சொட்டு. கியர்தான் முக்கியம்னு மச்சான்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. எண்ணெய்ல கை வழுக்குது, நான் பாவாடை நாடாவைத் தவிர எல்லாத்தாலயும் தொடச்சுப் பாத்துட்டேன். ட்ராக்குல போயும் மச்சான் இன்னொரு பழம் வைக்கப் போனாரு. ரேஸ் நடத்தறவங்க ஆளு, பச்சை கோட்டு போட்டவரு ஒருத்தர் ஓடி வந்து, "சார், இங்க ஜூஸ் போடாதீங்க, வழுக்கும்" அப்டின்னாரு.

எங்களுக்கு முன்னாடி நாலு வண்டி நின்னுச்சு. நான் ஹெல்மெட் மாட்டிகினு உள்ள ஒக்காந்திருந்தேன். எங்கம்மா ஜன்னல் வழியா கையை வுட்டு அந்தக் கோட்டைத் தடவுச்சு.

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொன்னான்டி" அப்டின்னுச்சு. "அம்மா, நல்லா இருந்த வண்டியை நான்தான்மா என் கையாலயே கெடுத்துட்டேன், எனக்கு வேலையே தெரியலம்மான்னு அழுதான். இன்னிக்கு அவன் சரின்னு ஆயிடுச்சு பாரு."

அது எனக்குத் தெரியாது. எங்கிட்ட அவன் சிரிச்சான், அதைத்தான் நான் வச்சிகினு இருந்தேன்.

வண்டி ஒண்ணு நகந்துச்சு. நான் ஹெல்மெட்டைக் கழட்டுனேன்.

"அவன் கெடுக்கல. நான்தான் ஸ்விட்சை மாத்தி வச்சேன்" அப்டின்னேன்.

மச்சான் குனிஞ்சு பாத்தாரு. "எந்த ஸ்விட்சு?"

காமிச்சேன். அவருக்குப் புரிய ரெண்டு நிமிஷம்கூட ஆவல. மெக்கானிக்காச்சே.

"சிக்னல்ல வண்டி நின்னுச்சே?"

"நான்தான்."

"வால்வு மாத்துனோமே?"

"நான்தான்ணா."

"லேஅவுட்ல இருபத்தஞ்சு வந்து, அப்புறம் இருபத்திரண்டரை வந்துச்சே?"

"மாடு தொரத்தப் போனீங்கல்ல, அப்ப திரும்ப மாத்துனேன்."

அவர் ரொம்ப மெதுவா சொன்னாரு. "நீ ஊத்துன பெட்ரோல்தான்டா கலப்படம், நீதான் வண்டியை நாசம் பண்ணன்னு எங்கிட்ட சண்டை போட்டான். நானும் போடான்னுட்டேன். ஒரு வாரம் பேசல. ஏழு நாளு. ஒரே ஷெட்டுல முதுகைக் காட்டிகினு வேலை செஞ்சோம். அப்புறம் அவன் ஆஸ்பத்திரி போயிட்டான்."

இதுவும் எனக்குத் தெரியாது.

எங்கம்மா என் தலையில நங்குன்னு ஒண்ணு வச்சுச்சு. எண்ணெய் பாட்டிலோட சேத்து. "அப்ப அவன் கெடுக்கல?"

"இல்லம்மா."

"அவனுக்கு வேலை தெரியும்?"

"நல்லாத் தெரியும்மா."

இன்னொண்ணு வச்சுச்சு. அப்புறம் முந்தானையால மூக்கைச் சிந்திகினு, வேற பக்கம் திரும்பி, "ஸ்தோத்திரம்" அப்டின்னுச்சு.

எங்க முறை வந்துடுச்சு, பச்சை கோட்டுக்காரரு கையை ஆட்டுறாரு. மச்சான் உள்ள எட்டி, மல்லிப்பூவை எடுத்துட்டு, பைக் சாவியால கோட்டைச் சொரண்டுனாரு. கல்லு மாரி ஒட்டிகினு இருந்துச்சு. சொரண்டி முடிச்சுட்டு, "எவ்ளோ?" அப்டின்னு கேட்டாரு.

"ஐயாயிரத்து ஐநூறு. தேர்டுக்கு அதை வுடக் கொஞ்சம் கம்மி."

தலையை ஆட்டுனாரு. "ஓட்டு. ஆனா ஒண்ணு. இன்னிலேந்து ஏழு நாளு நான் உன்கூட பேச மாட்டேன். எண்ணி ஏழு நாளு." சொல்லிட்டு நகந்து போயிட்டாரு.

ஓட்டுனேன். செகண்டு சரியா வுழுந்துச்சு. தேர்டுக்குக் கை வழுக்கி, ஒரு நூலு லேட்டாயிடுச்சு. ஆனாலும் பக்கத்துல ஓடுன பையன் வண்டி என் கண்ணாடியில பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. போர்டுல இருபத்தொண்ணு புள்ளி எட்டுன்னு வந்துச்சு. அடுத்த ரவுண்டு உண்டு.

சுத்தி வந்து திரும்ப லைன்ல நின்னேன். மச்சான் பத்தடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிகினு, வானத்தைப் பாத்துகினு நிக்கிறாரு. பேச மாட்டேன்னு சொன்னவரு பேச மாட்டாருதான். ஆனா கை துறுதுறுன்னு இருக்கு அவருக்கு. எங்கம்மாவைக் கூப்ட்டு காதுல ஏதோ சொன்னாரு. எங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிகினு எங்கிட்ட வந்துச்சு.

"மூணாவதை லேட்டாப் போட்டியாம். அவன் சொல்றான்."

"கை வழுக்குச்சு. நீ ஊத்துன எண்ணெய்தான். எவ்ளோல மாத்தணும்னு கேளு."

எங்கம்மா போச்சு. அவர் திரும்பாமயே ஏதோ சொன்னாரு. வெரலை மட்டும் காமிச்சாரு. எங்கம்மா வாய்க்குள்ள சொல்லிகினே, மறந்துடாம இருக்க, வேகவேகமா நடந்து வந்துச்சு.

"ஐயாயிரத்து முந்நூறாம்."

"செகண்டுக்கா, தேர்டுக்கா?"

திரும்பவும் போச்சு. ரெண்டு பேரும் அங்க நின்னு கையை மேல கீழ ஆட்டிப் பேசிகினாங்க. பச்சை கோட்டுக்காரரு வாட்சைப் பாக்குறாரு. எங்கம்மா மூச்சு வாங்க ஓடி வந்து, முந்தானையால கியர் குமிழை ஒரு வாட்டி நல்லாத் தொடச்சு வுட்டுச்சு.

"மூணாவதுக்குத்தானாம். காதைத் தொறந்து வச்சுக்கணுமாம். இன்னா சொல்றான்னே எனக்குப் புரியல" அப்டின்னுச்சு. "நீ மெதுவாவே போடி."